மாண்புமிகு ரகேரா

தெமாரோத் தீவில் செத்தவர்களுக்கு இடம் இல்லாமல் போன வருஷம்தான் தெயாங்கோவுக்குச் சட்டசபையில் இடம் கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று கவர்னர் தம் உரையில் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். கவர்னர் சொன்னது மறுநாள் அச்சில் வந்துவிடும் என்பதால் நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

எங்கள் காலுக்கு அடியில் இருப்பதெல்லாம் பாஸ்பேட். அதைத் தோண்டி, தூளாக அரைத்து, கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கோதுமை வயலில் தூவினால் பயிர் மதமதவென்று வளருமாம். தோண்டுகிற கம்பெனி வடக்குத் திடலை முடித்துவிட்டது. வடக்குத் திடல் என்பது தபெராவா குலத்தாரின் இடுகாடு. எலும்பையும் மண்ணையும் தனித்தனியாகப் பிரிக்கிற யந்திரம் கம்பெனியிடம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று அதிகாரிகளுக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து அந்தக் குலத்துச் செத்தவர்கள் பட்டப்பகலில் ஊருக்குள் நிற்கிறார்கள். யாரையும் பிடிப்பதில்லை, பயமுறுத்துவதும் இல்லை. உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடு படகுக் கொட்டகையிலும் குடிதண்ணீர் எடுக்கிற குகையின் வாசலிலும் சும்மா நிற்பார்கள். உட்காருங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. சொன்னால், எங்கே என்று கேட்பார்களே!

தெயாங்கோ கவர்னரின் படகுக்குச் சுக்கான் பிடித்தவன். தகுந்த சுதேசி ஒருவரைச் சபைக்கு நியமிக்கும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்தபோது, கவர்னர் சர் ஆர்ச்சிபால்ட் விங்ஃபீல்டுக்கு அவன் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. இத்தனை காலமும் அவர் முன்னால் அவன் வாய் திறந்ததே இல்லை. பவளப்பாறையில் அலை உடைகிற இடத்தில் படகைத் திருப்புகிறவன் வாயைத் திறந்தால் வயிற்றுக்குள் உப்புத் தண்ணீர்தான் போகும் என்பதைப் பாவம், அவருக்கு எடுத்துச் சொன்னவர் இல்லை.

சபைக் கட்டடம் சிட்னியில் செய்து துண்டு துண்டாகக் கப்பலில் வந்தது. குளிர் காய்வதற்குக் கணப்பு அடுப்பும் அதோடு வந்தது. நிலநடுக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சபை கூடும் நாளிலெல்லாம் அதில் விறகு அடுக்கி வைப்பார்கள், மரபு. மரபை மீறக் கூடாது என்பதற்காக உறுப்பினர்கள் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகுவார்கள். தெயாங்கோவுக்கும் ஒரு கோட்டுக் கிடைத்தது. அது காய்ச்சலில் செத்த சுங்க அதிகாரியுடையது.

பதவியேற்பு அன்று ஜோ மர்டோக் பக்கத்தில் நின்றான். ஜோவின் அப்பா ஸ்காட்லாந்து வியாபாரி, அம்மா எங்கள் தீவுக்காரி. சபையில் அவன்தான் மொழிபெயர்ப்பாளன்.

"அண்ணே, இந்தப் புஸ்தகத்துக்கு ஒரு முத்தம் குடுங்க."

"எதுக்குத் தம்பி?"

"நேர்மையா நடந்துக்குவேன்னு சத்தியம்."

"இவங்க எல்லாரும் குடுத்தாங்களா?"

"ஒருத்தர் விடாம குடுத்தாங்க."

தெயாங்கோ நிமிர்ந்து அந்த நேர்மையாளர்களைப் பார்த்தான். அவர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, தபெராவா குலத்துச் செத்தவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளையாய், வெறுங்காலோடு.

"அவங்களும் மெம்பரா தம்பி? அவங்களுந்தான் ஒண்ணும் பேசக் காணோம்."

ஜோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணே, நான் பாதித் தீவுக்காரன். எனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியையும் பாக்காத மாதிரி இருந்துதான் இங்க சம்பளம் வாங்குறேன். நீங்களும் பேசாம உக்காருங்க."

அன்றே தெற்குத் திடல் (பொதுநல மீட்பு) மசோதா சபைக்கு வந்தது. யாரிடமிருந்து எதை மீட்கிறார்கள் என்று தெயாங்கோவுக்குப் புரியவில்லை. தெற்குத் திடலையும் தோண்டப் போகிறார்கள் என்று ஜோ விளக்கினான். தெற்குத் திடல் அவன் மனைவி ரகேராவின் நிலம். அவள் அம்மா வழியில் வந்தது. அம்மை வந்த வருஷம் ரகேராவையும் அவர்களுடைய சின்னப் பெண்ணையும் அங்கேதான் அடுத்தடுத்துப் புதைத்தான். எங்கள் முறைப்படி பிறகு ரகேராவின் தலையை மட்டும் எடுத்து, கழுவி, தேங்காயெண்ணெய் பூசி வீட்டில் வைத்திருந்தான். காலையில் அவளுக்குக் கொஞ்சம் புகையிலைப் புகை ஊதிவிட்டுத்தான் படகுக்குப் போவான். உயிரோடு இருந்தபோது அது இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

அவன் எழுந்து பேசினான். வாழ்க்கையிலேயே அவன் ஒரு சபையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அங்க என் பொண்டாட்டி படுத்திருக்கா. பக்கத்துல என் மக. அவளுக்குத் தனியாப் படுக்கப் பயம். அதனாலதான் அம்மாவுக்கு ஒட்டினாப்ல வச்சோம். நீங்க தோண்டினா ரெண்டு பேரும் வேற வேற மூட்டையில போயிருவாங்க. வேற வேற ஊருக்குப் போயிருவாங்க. புள்ள யாரத் தேடும்? அய்யா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவங்கள விட்டுருங்க."

ஜோ இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது சபையே கண் கலங்கியது. கம்பெனி மானேஜரும் நியமன உறுப்பினருமான டல்லக் துரை மூக்கைச் சிந்தினார். சர்க்கார் வழக்கறிஞர் குரோஸ்பி துரை கைக்குட்டை நனைந்து போய், பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக யாரும் நினைக்கக் கூடாது. அது நிஜமான அழுகை. பிறகு முதல் ஓட்டு எடுத்தார்கள்; சட்டமாவதற்கு இன்னும் ஒரு கடைசி ஓட்டு பாக்கி. தெயாங்கோவைத் தவிர அத்தனை பேரும் மசோதாவை ஆதரித்தார்கள்.

வாசலில் குரோஸ்பி துரையை அவன் நிறுத்தினான். "துரை, நீங்க அழுதீங்களே?"

"அழுதேன் அப்பா. ராத்திரி சாப்பாடுகூட இறங்காது போலிருக்கு." அவர் அவன் தோளைத் தொட்டார். "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. கண்ணீர் என் சொந்தச் சொத்து, எங்க வேணும்னாலும் செலவு பண்ணலாம். ஓட்டு சர்க்காரோடது. சர்க்கார் சொத்தை என் இஷ்டத்துக்கு எடுத்துச் செலவழிச்சா அது கையாடல் இல்லையா?"

இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் லண்டனில் யாரோ ஒரு குமாஸ்தாவுக்கு மனசாட்சி உறுத்திவிட்டது. இடுகாடு பற்றிய மசோதாவைச் சுதேசிப் பிரதிநிதிகளில் பெரும்பான்மையோர் எதிர்த்தால் அது செல்லாது என்று தந்தி வந்தது. சுதேசிப் பிரதிநிதி என்று இருந்தவனே ஒருவன்தான். அவன் எதிர்த்தான். ஆகவே பெரும்பான்மை எதிர்த்தது.

சபையில் துக்கம் கவிந்தது. டல்லக் துரை எழுந்து ஆற்றிய உரை இன்றும் நூலகத்தில் இருக்கிறது. "இறந்தோர்மீது எனக்கு உள்ள மரியாதைக்கு அளவில்லை. ஆயினும் இறந்தோர் உணர்ச்சியற்றவர்கள், பங்குதாரர்கள் அப்படியல்ல. ஒரு பங்குதாரரின் முகம் வாடுவதை நீங்கள் நேரில் கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். அதை மறக்க எனக்கு நெடுங்காலம் ஆயிற்று."

ஜோ தெயாங்கோவின் காதில், "பயந்துட்டாங்க அண்ணே. கடைசி ஓட்டு அன்னிக்கு நீங்க ஒரே ஒரு வார்த்தை 'இல்ல'ன்னு சொன்னாப் போதும், திடல் பொழச்சுரும்" என்றான்.

ஊர் முழுக்க அன்று கள் இறக்கிக் குடித்தது. தெயாங்கோவைத் தோளில் தூக்காத குறை. ரகேராவின் அண்ணன் இயோபி மட்டும் ஊர்க்கூடத்தில் தன் தூணில் சாய்ந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்க்கூடத்தில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தூண், ஒரு பாய். நிலத்துப் பேச்சு வந்தால் நிலத்துக்கு உரியவர் பாயில் இருந்தாக வேண்டும். செத்திருந்தாலும் கொண்டுவந்து உட்கார வைத்த பிறகுதான் பேச்சு.

"ஏன் மாப்ள, தெற்குத் திடல் யாருது?" என்றான் இயோபி.

"ரகேராவுது."

"எங்கம்மா அவளுக்குக் குடுத்தது. நீ யாரு?"

"என்ன மச்சான் இப்படிக் கேக்குறீங்க?"

"நீ கட்டிக்கிட்டு வந்தவன். நெலத்துக்காரி வீட்டுல ஒக்காந்திருக்கா, நீ கோட்ட மாட்டிக்கிட்டுப் போயி அவ நெலத்தப் பத்தி ஊரான்கிட்டப் பேசிட்டு வர்ற. வெக்கமா இல்ல?"

"அங்க அவளுக்கு நாக்காலி இல்லயே மச்சான்."

"இல்லன்னாக் கேளு. அவளப் பக்கத்துல வச்சுக்கிட்டு 'இல்ல'ன்னு சொல்லு, அப்பத்தான் அது பேச்சு. இல்லாட்டி அது ஒரு படகோட்டி போட்ட கூச்சல்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தெயாங்கோவுக்கு முகம் எரிந்தது. இயோபி சொன்னது எல்லாமே எங்கள் முறைப்படி சரி. அன்றைக்கு நானும்தான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

கடைசி ஓட்டு அன்று தெயாங்கோ ரகேராவுக்குப் புது எண்ணெய் பூசி, புகை ஊதி, தாழை ஓலைக் கூடையில் வைத்துச் சபைக்குக் கொண்டுபோனான். ஓர் உறுப்பினர் ஓய்வுக்காக இங்கிலாந்து போயிருந்ததால் பக்கத்து நாற்காலி காலி. அதில் பாய் விரித்து அவளை உட்கார வைத்தான்.

சபை எழுந்து நின்றுவிட்டது. மரியாதைக்காக அல்ல.

"சபையில் அந்நியர் இருக்கிறார்!" என்று முழங்கினார் குரோஸ்பி துரை. "விதிப்படி அந்நியர் உடனே வெளியேற வேண்டும்!"

"அண்ணிய வெளிய போகச் சொல்றாங்க அண்ணே."

"அவ நெலத்த விட்டு இவங்க மொதல்ல போவாங்களான்னு கேளு தம்பி."

ஜோ இதை மொழிபெயர்க்காமல் இருமினான். அந்நியர் பெண் என்பதால் இன்னொரு விதியும் மீறப்பட்டதாக ஒருவர் எழுந்தார். தலைமை மருத்துவ அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "தற்போதைய நிலையில் அது ஒரு பொருட்டல்ல" என்று தம் தொழில்முறைக் கருத்தைப் பதிவு செய்தார். அந்தத் தலை சபையில் வைக்கப்பட்டதா, கொண்டுவரப்பட்டதா என்று ஒரு விவாதம் நடந்தது. கவர்னர் அதற்குள் தேநீர் குடித்தார். அரைக்கிற யந்திரத்திலிருந்து பறந்து வந்த வெள்ளைத் தூள் தேநீரில் படிந்திருந்தது. அவர் அதைச் சர்க்கரை என்று நினைத்துக் கலக்கிக்கொண்டார்.

அப்போதுதான் டல்லக் துரை நாற்காலியை நகர்த்தி, குரோஸ்பி துரையின் காதில் ஏதோ சொன்னார். குரோஸ்பி துரை ரகேராவைப் பார்த்தார். தெயாங்கோவைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"தலைவர் அவர்களே, நான் அவசரப்பட்டுவிட்டேன். இந்தப் பெண்மணி நிலத்தின் உரிமையாளர். அவரைப் பேசவிடாமல் வெளியேற்றுவது ஆங்கிலேய நீதி ஆகுமா? கவர்னர் அவர்கள் தகுந்த எந்தச் சுதேசியையும் இச்சபைக்கு நியமிக்கலாம் என்கிறது அரசாணை. அவர் உயிரோடிருக்க வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. உயிரோடிருப்பது ஒரு தகுதியாக வைக்கப்பட்டிருந்தால், மூத்த உறுப்பினர்கள் பலர், ஏன், நானே கூட, இங்கே தொடர்ந்து வீற்றிருக்க முடியுமா என்று ஐயுறுகிறேன்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கவர்னர் ரகேராவை இரண்டாவது சுதேசி உறுப்பினராக அங்கேயே நியமித்தார். ஜோ புத்தகத்தை அவள் பல்லில் தொட்டு எடுத்தான். குரோஸ்பி துரை இடுப்பு வரை குனிந்து, "மாண்புமிகு உறுப்பினரை வரவேற்கிறோம்" என்றார்.

தெயாங்கோ அழுதான். துரைமார் அழுத மாதிரி அல்ல, தோள் குலுங்க அழுதான். இத்தனை நாளும் இவர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற இயோபி, "நாக்காலி குடுத்துட்டாங்கடா! என் தங்கச்சிக்கு நாக்காலி குடுத்துட்டாங்க!" என்று கத்தினான். வாசலில் கூட்டம் தொடையைத் தட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியது. சுவர் ஓரம் நின்ற செத்தவர்கள் மட்டும் ஒருவர் பின் ஒருவராக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தெயாங்கோ அதைப் பார்த்தான். சந்தோஷத்தில், ரகேராவுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான்.

கவர்னர் மசோதாவை ஓட்டுக்கு விட்டார். ஆதரிப்பவர்கள் ஆதரித்தார்கள்.

"எதிர்ப்பவர்கள்?"

"இல்ல!" என்றான் தெயாங்கோ. படகுக் கொட்டகை வரை கேட்டிருக்கும்.

கவர்னர் அவனைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியை நோக்கித் திரும்பினார். "மாண்புமிகு உறுப்பினர் ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா? அவசரமில்லை. காத்திருக்கிறோம்."

காத்திருந்தார்கள். அப்படி ஒரு பொறுமையை அந்தச் சபையில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. தூரத்தில் யந்திரம் அரைத்துக்கொண்டிருந்தது. தெயாங்கோவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அவன் அவள் பக்கம் குனிந்தான்.

"சொல்லு ரகேரா. 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லு. புள்ளய நெனச்சுச் சொல்லும்மா."

பாறைக்கு அந்தப் பக்கம் நிற்கிற படகைக் கரையிலிருந்தே கூப்பிடுகிற தொண்டை அவளுடையது. புருஷன், அண்ணன், பாதிரியார் யார் பேச்சுக்கும் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் பூசிய நெற்றியில் வெள்ளைத் தூள் படியத் தொடங்கியிருந்தது.

"எதிர்க்காதவர் ஆதரித்தவர் ஆவார்," என்றார் குரோஸ்பி துரை மென்மையாக. "மௌனம் சம்மதம் என்பது சட்டத்தின் ஆதிக் கோட்பாடு. சுதேசிப் பிரதிநிதிகளில் ஒருவர் எதிர்ப்பு, ஒருவர் ஆதரவு. பெரும்பான்மை எதிர்ப்பு இல்லை. நிலத்தின் உரிமையாளரே ஆதரித்திருக்கிறார் என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்."

மசோதா நிறைவேறியது. ஜோ மொழிபெயர்க்கவில்லை. தெயாங்கோவும் கேட்கவில்லை.

அவன் கூடையை எடுத்துக்கொண்டு ரகேராவைத் தூக்கப் போனான். சபைக் காவலன் குறுக்கே கையை நீட்டினான். உறுப்பினர் ஒருவரைச் சபையிலிருந்து யாரும் தூக்கிச் செல்ல முடியாது. அது சபையின் உரிமையை மீறுவதாகும். பதவிக்காலம் முடிகிற வரை அவர் இங்கேதான் இருப்பார். தூசு படக் கூடாது என்று அவளுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் செய்து போட்டார்கள்.

அந்த மாதமே தெற்குத் திடலைத் தோண்டிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் தெயாங்கோ போய் உட்கார்ந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னப் பெண் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தலைமுடி, இமை எல்லாம் வெள்ளைத் தூள். பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, திறப்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டினான். அது அவனைப் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு கூட்டம் தவறாமல் போனான். மாண்புமிகு ரகேரா அரசாங்கத்தின் எல்லா மசோதாக்களையும் ஆதரித்தார். ஆண்டு உரையில் கவர்னர் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். குறுக்கிடுவதில்லை, பயணப்படி கேட்பதில்லை, சொந்த அலுவல் என்று பாதியில் எழுந்து போவதில்லை. இளைய உறுப்பினர்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்றார். அவள் பதவிக்காலம் முடியும் முன்னாலேயே மறுபடி நியமித்துவிட்டார்கள்.

பிறகு மேற்குக் கரை மசோதா வந்தது. இயோபியின் வீடும் பாதி ஊரும் அதில் அடக்கம். செத்தவர்கள் தீர்ந்துபோய் உயிரோடு இருப்பவர்கள் வரைக்கும் வந்துவிட்டார்கள். இந்தத் தடவை தெயாங்கோ ஒருவன் எதிர்த்தால் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊர் அவனிடம் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். லண்டனுக்கு மனு எழுதி அனுப்புவதற்கு, சபையில் ஒரு குரலாவது எதிர்த்தது என்று இருக்க வேண்டும்.

ஓட்டுக்கு முன்னால் குரோஸ்பி துரை வந்து ஏதோ சிரித்துப் பேசிவிட்டுப் போனார்.

"என்ன சொல்றாரு தம்பி?"

ஜோ தரையைப் பார்த்தான். "இந்த வாரத்தோட உங்க பதவிக்காலம் முடியுதாம். மறுபடி போடுறதும் போடாததும் கவர்னர் இஷ்டமாம். சும்மா ஞாபகப்படுத்தினாராம்."

"மெம்பர் இல்லன்னா உள்ள வந்து ரெண்டு பேரையும் பாக்க முடியாதா?"

"முடியாது அண்ணே. அந்நியர் ஆயிருவீங்க."

கவர்னர் கேட்டார்: "எதிர்ப்பவர்கள்?"

"பேசு மாப்ள!" ஜன்னலில் இயோபியின் குரல் கேட்டது. "தெயாங்கோ! வாயத் தொறடா! புள்ள குட்டிங்க இருக்குடா இங்க!"

தெயாங்கோ எழுந்து நின்றான். அவன் வாய் திறந்ததை ஜோ பார்த்திருக்கிறான். கண்ணாடிப் பெட்டி பக்கம் நின்ற பெண் அப்போது முதல் தடவையாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கவர்னர் காத்திருந்தார். பிறகு அவன் உட்கார்ந்துவிட்டான்.

சுதேசிப் பிரதிநிதிகள் ஒருமனதாக ஆதரித்தார்கள் என்று அன்றே லண்டனுக்குத் தந்தி போனது.

மேற்குக் கரையைக் காலி செய்வதற்கு முன்னால் ஊர்க்கூடத்தில் கடைசிச் சாப்பாடு போட்டோம். மீனும் கிழங்கும் பங்கு பிரிக்கிற முறை இயோபிக்கு. ஒவ்வொரு தூணுக்கும் உயிரோடு இருப்பவர்களுக்கு முன்பக்கமும், செத்தவர்களுக்குப் பின்பக்கம் இருட்டிலும் இலை போடுவது எங்கள் வழக்கம். தெயாங்கோ வந்து தூணருகே நின்றான். இயோபி அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவன் பங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம், ரகேராவின் இலைக்கும் பெண்ணின் இலைக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான்.

நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தெயாங்கோ சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டான்.